மோட்டார் எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணிப்பொறி: பழுதறியும் முறை

மும்பையில் மாஹிமுக்கும் சயானுக்கும் இடையே அமைந்த தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. டாக்சி ஓட்டியும் மோட்டார் பழுது பார்த்தும் பிழைப்போர் அவர்களுள் உளர். முன்னர் அவர்கள் கையாண்ட வண்டி பிரீமியர் பத்மினி. அதில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது கார்புரேட்டர்; அதன் குறையைக் கண்ணால் கண்டு, காதால் கேட்டு, திருகாணியைத் திருப்பிச் சரிசெய்யலாம். டாக்சிகளுக்கு விதிக்கப்பட்ட 20 ஆண்டு வயது வரம்பினால், 2023 அக்டோபர் இறுதியோடு அவ்வண்டி டாக்சித் தொழிலினின்று நீங்கிற்று. இன்று அவ்வேலையைச் செய்வது 'இ.சி.எம்.' எனப் பட்டறையில் வழங்கும் கணிப்பொறியாகும்.

எஞ்சின் ஓடாதபோது காரணம் புலப்படாவிடில், "கம்ப்யூட்டர் போய்விட்டது" என்று சொல்லிவிடுதல் எளிது. ஆனால் புதிய பெட்டியின் விலை, டாக்சி ஓட்டுபவரின் பல நாள் வருமானத்தை விழுங்கிவிடும். மாற்றிய பின்னும் வண்டி ஓடாவிட்டால் இழப்பு இரட்டிக்கும். ஆகவே, கணிப்பொறியைக் குறை கூறுமுன், அதற்கு வரவேண்டியவை முறையாக வருகின்றனவா என அளந்தறிதல் வேண்டும். இதுவே இப்பாடத்தின் சாரம்.

கணிப்பொறியின் தொழில்

கிராங்க் தண்டின் சுழற்சி, குளிர்நீரின் வெப்பம், உட்செல்லும் காற்றின் அளவு ஆகியவற்றைச் சென்சார்கள் அளந்து தெரிவிக்கின்றன. அவற்றுள் பலவற்றிற்குக் கணிப்பொறியே 5 வோல்ட் மின்னழுத்தம் அளிக்கின்றது. வரும் செய்திகளைக் கணித்து, இஞ்செக்டர் எவ்வளவு நேரம் திறக்கவேண்டும், பொறி எக்கணத்தில் எழவேண்டும் என்பவற்றை அது ஆணையிடுகின்றது. குறை கண்டால் குறியீடாகப் பதிந்து எச்சரிக்கை விளக்கை ஏற்றுகின்றது. 2010-இல் பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் மும்பையில் நடைமுறைக்கு வந்தபோது, இத்தகைய தன்பழுதறியும் ஏற்பாடு வண்டிகளுக்கு விதிக்கப்பட்டது.

பழுதுறும் காரணங்கள்

முதற்காரணம் நீர். 2005 சூலை 26-இல் தொடங்கிய பெருமழையில் சாந்தாகுரூஸ் நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று; மித்தி ஆறு கரைபுரண்டது. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கும் வண்டிகளின் மின் இணைப்பிகளுள் நீர் புகுந்து பச்சைக் களிம்பு படிகின்றது. பாட்டரியை முனை மாற்றிப் பூட்டுதல், இணைப்பைக் கழற்றாமல் வெல்டிங் செய்தல், ஷார்ட்டான பற்றவைப்புக் காயில் ஆகியவையும் கணிப்பொறியைக் கெடுக்கும்.

சோதனைப் படிகள்

1. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியவேண்டும். எரியாவிடில் கணிப்பொறி விழிக்கவில்லை என ஐயுறலாம். அது கெட்டது எனக் கொள்ளலாகாது.

2. பாட்டரி நிறைவாக இருப்பின் சுமார் 12.6 வோல்ட் காட்டும். பிறகு பியூஸ்களையும் முதன்மை ரிலேயையும் சோதிக்க.

3. ஸ்கேனர் பூட்டும் 16 முனை இணைப்பியில், 16-ஆம் முனைக்கும் 4-ஆம் முனைக்கும் இடையே பாட்டரி அழுத்தம் இருத்தல் வேண்டும். கேன் இணைப்புள்ள வண்டிகளில், பாட்டரியைக் கழற்றியபின் 6, 14 முனைகளிடையே பொதுவாக 60 ஓம் காணப்படும். 120 ஓம் எனில் ஒரு பக்கம் அறுந்துள்ளது; பூச்சியத்தை ஒட்டினால் கம்பிகள் ஒட்டியுள்ளன.

4. எர்த்தை ஓம் அளவையால் மட்டும் சோதித்தல் போதாது. ஓரிழை மட்டும் எஞ்சிய கம்பியும் நல்ல கம்பிபோல் காட்டும். மின்சாரம் ஓடும்போதே, கணிப்பொறியின் எர்த் முனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே வோல்ட் அளக்க. 0.1 வோல்டுக்கு மேற்படின் எர்த்தில் குறையுண்டு.

5. 5 வோல்ட் வராவிடில் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுக. ஒன்றைக் கழற்றியதும் அழுத்தம் மீளுமாயின், குற்றம் அச்சென்சாரிலோ அதன் கம்பியிலோ உள்ளது.

ஓர் எடுத்துக்காட்டு

மழைநீரில் நின்ற டாக்சி ஒன்றில் விளக்கு எரியவில்லை; ஸ்கேனர் பேசவில்லை என்க. சாவியைத் திருப்பி, பாட்டரியின் எதிர்முனையிலிருந்து அளக்க, கணிப்பொறியின் மின்வரவு முனையில் 12.4 வோல்டும் எர்த் முனையில் 9 வோல்டும் காணப்படுகின்றன. அதாவது கணிப்பொறிக்கு எஞ்சியது 3.4 வோல்டே. எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டிப் பூட்டியதும் விளக்கு எரிகின்றது. செலவு ஒரு துண்டு உப்புத்தாள்.

கணிப்பொறியே பழுதெனில்

மின்வரவு, எர்த், சென்சார் செய்திகள் யாவும் சரியாயிருந்தும் ஆணை வெளிவராவிடில் மட்டுமே பெட்டியை ஐயுறுக. பி 0601, பி 0606 போன்ற குறியீடுகள் பெட்டியின் உட்குறையைச் சுட்டுவன. எனினும் மின்வரவைச் சரிபார்த்த பின்னரே அவற்றை நம்புக. மாற்றுமுன் அதனைக் கெடுத்த காரணத்தை நீக்குக. இன்றேல் ஷார்ட்டான காயில் புதிய பெட்டியையும் எரித்துவிடும். பழைய பெட்டி மலிவாகக் கிடைப்பினும், உதிரிபாக எண் ஒத்திருத்தல் வேண்டும். திருட்டுத் தடுப்பு ஏற்பாடுள்ள வண்டியில் அதனைச் சாவியோடு பதிவு செய்தலும் வேண்டும்.

ஆசிரியர்க்கு

மாணவர் ஒவ்வோர் அளவையும் நோட்டில் எழுதிய பின்னரே அடுத்த படிக்குச் செல்லுமாறு பழக்குக. பெட்டியை மாற்றவேண்டும் எனக் கூறும் மாணவன், அதற்குச் சான்றாக எர்த் அளவைக் காட்டவேண்டும். அளவு எழுதப்படாத தீர்ப்பு ஊகமேயாம். அவ்வூகத்தின் விலையைச் செலுத்துபவர் வண்டிக்காரரே.