சபராளிகளும் தொத்து நோய்ப் பயமும்



நம் செராஸ் வட்டாரக் கடைக்காரர்களில் ஊருக்குப் போய் வராதவர்கள் அரியர். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் மூளையுறைக் காய்ச்சலுக்குரிய ஊசியை மறுபேச்சின்றிப் போட்டுக்கொள்கிறார், அது சட்டம். ஆனால் இராமநாதபுரத்துக்கோ சிவகங்கைக்கோ போகிறவர் சாமான் கட்டுவதோடு சரி. பிறந்து வளர்ந்த மண்ணில் நமக்கென்ன வந்துவிடப் போகிறது என்பது அவர் நினைப்பு. இந்த நினைப்பைத்தான் இங்கே ஆராய விரும்புகிறோம்.

ராஜுலா கப்பல் ஓடிய காலத்தில் சபராளிகளுக்கு நோயைக் காட்டிலும் 'குவாரண்டைன்' மேல்தான் பயம். பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவில் டெக் பிரயாணிகளை இறக்கி வைத்தார்கள். அதை ஏழைக்கு விதித்த தண்டனையாக நம் முன்னோர் எண்ணியதில் வியப்பில்லை. பெரியம்மை 1980-இல் உலகைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. கப்பலும் போயிற்று. இப்போது விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம். நோய் உடம்பில் தலைகாட்டும் முன்பே நாம் கல்லாவில் உட்கார்ந்து விடுகிறோம்.

2020 ஜூலையில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிவகங்கையிலிருந்து கெடா திரும்பிய உணவகக்காரர் ஒருவருக்கு முதற் சோதனையில் கோவிட் இல்லை என்று வந்தது. பதினான்கு நாள் வீட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்பது உத்தரவு. அவர் கடைக்குப் போனார். பிறகு செய்த சோதனையில் நோய் இருப்பது தெரிந்தது. குடும்பத்தார், வேலையாட்கள், சாப்பிட வந்தவர்கள் என நாற்பது பேருக்கு மேல் பரவி, 'சிவகங்கா' என்ற பெயரே அந்தத் தொடருக்கு ஆகிவிட்டது. ஐந்து மாதச் சிறையும் 12,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டன.

அவரைத் தூற்றுவது நம் நோக்கமன்று. கடையை விட்டு இரண்டு நாள் விலகியிருப்பது எவ்வளவு கஷ்டமென்று நமக்குத் தெரியாதா? ஆனால் 'இல்லை' என்ற சோதனை அந்த நாளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. உள்ளே புகுந்த கிருமி வெளிப்பட நாள் பிடிக்கும். கோவிடுக்குப் பதினான்கு நாள் வரை. டைபாய்டுக்குப் பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரம். மலேரியாவில் ஒரு வகை ஈரலில் ஒளிந்திருந்து பல மாதம் கழித்தும் கிளம்பும்.

எல்லாம் தக்தீர் என்று சொல்வோருக்கு ஒரு வார்த்தை. ஷாம் நாட்டில் கொள்ளை நோய் பரவியிருப்பதறிந்து, ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஸர்கு என்னுமிடத்திலிருந்தே திரும்பினார்கள். திரும்புவதும் தக்தீரில் அடங்கியதே என்பது அவர்கள் கருத்து.

டைபாய்டு விஷயம் நம் தொழிலோடு ஒட்டியது. 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி உணவைக் கையாள்வோர் ஊசி போட்டிருக்க வேண்டும். மூன்றாண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். கையாள் கார்டு இருக்கிறதா என்று பார்க்கும் முதலாளி, தாம் ஊருக்குப் போகுமுன் அதே ஊசியை எண்ணிப் பார்ப்பதில்லை. ஊசி முழுக் காவலுமன்று. கொதித்தாறிய தண்ணீரும் வேண்டும், பந்தியில் வைக்கும் ஐஸ் சர்பத்தை ஒதுக்கவும் வேண்டும். (இதைச் சொன்னால் சம்பந்தி வீட்டார் முகம் கோணுவார்கள் என்பது உண்மைதான்!) நோய் தீர்ந்த பிறகும் சிலர் கிருமியைச் சுமந்து திரிவர். அப்படிப்பட்டவர் கைபட்ட சோற்றால் பிறருக்கு வரலாம்.

சிறு வயதில் மலேரியா கண்டவருக்கு உண்டான எதிர்ப்புச் சக்தியும் நிலையானதன்று. அந்நோய் இல்லாத இடத்தில் சில வருஷம் இருந்தால் குறைந்துவிடும். ஆகவே திரும்பிய பின் ஜுரம் கண்டால், டாக்டரிடம் மருந்து கேட்குமுன், எந்த ஊரில் தங்கினோம், எந்தத் தேதியில் வந்தோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் டிங்கி ஓயாத நோய். செராஸில் கொசுக்கடி பட்டு மறுநாளே விமானமேறுகிறவர் ஊரில் போய்ப் படுப்பார். அங்கேயும் அதே ஏடிஸ் கொசு இருக்கிறது. அவரைக் கடித்த கொசு சில நாள் கழித்து வீட்டிலுள்ள மற்றவரையும் கடிக்கும். அப்போது ஊரார் பார்வையில் நாம்தான் வெளிநாட்டு நோய்.