உரச மரம் எங்கே இருக்கிறது?

“காடு தானாகப் பற்றிக்கொண்டது.” கோடை வந்தால் இந்த வசனமும் வந்துவிடும். எல்ல மலைச்சாரல் எரிந்தாலும் இதுதான் பேச்சு, வன்னியில் பற்றை எரிந்தாலும் இதுதான் பேச்சு. விளக்கமும் கையோடு இருக்கும்: காற்றுக்கு மரத்தோடு மரம் உரசுமாம், பொறி பறக்குமாம், காடு பற்றுமாம். மலைநாட்டார் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வேன். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்துநிற்கும் நெடுந்தீவார் சொல்கிறார்கள்! தீவின் தெற்கே, குதிரைகள் மேயும் வெளியில், கண்ணுக்கெட்டிய மட்டும் கட்டைப்புல்லும் முட்பற்றையும்தான். அங்கே உரச மரம் எங்கே இருக்கிறது?

மரம் அடர்ந்த இடத்திலும் இது நடக்காது. யாகத்துக்கு அரணி கடைவதைப் பார்த்தவர்கள் யோசிக்கட்டும். நன்றாக உலர்ந்த கட்டை, அதில் ஒரு குழி, குழிக்குள் அழுத்திப் பிடித்த கோல், கயிறு போட்டு மாறி மாறி இழுக்க ஆட்கள், சூட்டுத் தூளை ஏந்தப் பஞ்சோ தேங்காய்த் தும்போ. இத்தனையும் கூடிவந்த பிறகும் முதலில் வருவது புகைதான். தீ வருவதற்குள் ஐயர் வியர்த்துப் போவார். மரம் எரியத் தொடங்க ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வெப்பமாவது வேண்டும். காற்றில் ஆடும் கிளைகள் தொடும், விலகும், பிறகு வேறிடத்தில் தொடும்; சூடு ஓரிடத்தில் தங்காது. பச்சைக் கிளையின் எடையில் பாதியளவு தண்ணீர். அது ஆவியாகி முடியும்வரை கிளையின் சூடு 100 பாகையைத் தாண்டாது. மூங்கில் உரசித் தீ எழுந்ததாகப் பழைய புலவர்கள் பாடினார்களே என்பார்கள். பாடினார்கள். அவர்கள் பாட வந்தவர்கள், தீ விசாரணைக்கு வந்தவர்கள் அல்லர்.

மரம் கைவிட்டால் மின்னலைப் பிடிப்பார்கள். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மழையில்லாத இடி பெரும் தீக்களை மூட்டுவது உண்மை. எங்கள் வானம் வேறு. இங்கே இடிமுழக்கம் சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும், பெரும்பாலும் மழையோடு. புல் சருகாகும் ஆனி ஆடியில் சோழகம் அடிக்கும், இடியைக் காண்பது அரிது. போத்தல் துண்டு வெயிலைக் குவித்திருக்குமோ? உடைந்த போத்தல் வெயிலை ஒரு புள்ளியில் குவித்துத் தீ மூட்டுவது அரிதிலும் அரிது. வெயிலின் சூடே போதாதா? போதாது. கொளுத்தும் வெயிலில் வெறுந்தரை 60, 70 பாகைக்குச் சூடேறலாம். 300 எங்கே?

மிஞ்சுவது மனிதர் கை. அணையாத சுருட்டு, குப்பைக்கு வைத்த தீ, புதுப்புல்லுக்கு வைத்த தீ, வேட்டைக்காரர் விலங்கை வெளியேற்ற வைத்த தீ. இந்தியாவில் காட்டுத்தீக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மனிதர் மூட்டியவை என்று வனத்துறையினர் சொல்கிறார்கள். இலங்கையிலும் வனத் திணைக்களத்தார் ஓயாமல் சொல்வது இதைத்தான்.

எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்கலாம். தானாக வந்த தீக்குக் குற்றவாளி இல்லை; குற்றவாளி இல்லாவிட்டால் விசாரணையும் இல்லை. ஒதுக்கக் காட்டில் தீ மூட்டுவது 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டப்படி குற்றம். நெடுந்தீவில் 1,846 ஹெக்டேயர், அதாவது தீவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், 2015 ஜூனில் தேசியப் பூங்காவானது. பொறுப்பு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு. அங்கே ஒரு மூலை எரிந்தால் யார் வைத்தது என்று அலுவலர் ஊருக்குள் கேட்கத்தான் வேண்டும். வைத்தவன் சொந்தக்காரன், காட்டிக்கொடுக்கக் கூச்சம். பழியை இல்லாத மரத்தின் தலையில் போட்டுவிடுகிறோம்.

அடுத்தது, “எரித்தால்தான் புல் நன்றாக முளைக்கும்.” மண்ணோடு பழகியவர்களே இதைச் சொல்வதுதான் வருத்தம். எரியும் புல்லில் இருக்கும் நைதரசனில் பெரும்பகுதி வாயுவாகிப் போய்விடும். பொசுபரசும் பொற்றாசியமும் சாம்பலில் நிற்கும். ஆடிச் சோழகத்தில் அந்தச் சாம்பல் எத்தனை நாள் நிலத்தில் கிடக்கும்? கடலுக்குத்தான் போகும். நெடுந்தீவில் சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே மெல்லிய மண். நல்ல மழை ஒக்டோபருக்குப் பிறகுதான். ஜூலையில் எரித்த நிலம் மூன்று மாதம் மொட்டையாக வெயிலில் காயும். இடையில் எட்டிப் பார்க்கும் பச்சை, வேரில் சேர்த்துவைத்த மாப்பொருளைச் செலவழித்து வருவது. அதையும் மாடு கடித்தால் வேர் நலிந்துபோகும். தீக்குத் தப்புவது இலுக்குப் போல நிலத்தடிக் கிழங்குள்ள முரட்டுப் புல். அதன் முற்றிய தாளைக் குதிரை முகர்ந்துவிட்டுப் போகும். வறட்சியில் குதிரைகள் மடிகின்றன என்று பத்திரிகையில் படித்துக் கண்ணீர் விடுகிறவர்கள், கோடையில் ஒரு பிடி காய்ந்த புல்லும் அவற்றுக்குச் சாப்பாடு என்பதை மறக்கக் கூடாது.

படித்தவர்கள் இங்கே ஒரு கேள்வி போடுவார்கள்: கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர்கள் காட்டை எரித்து வாழ்ந்தவர்கள்தானே, எரிப்பதைத் தடுத்த பிறகுதானே அங்கே உண்ணிப் புதர் மண்டியது என்று? நல்ல கேள்வி. அவர்கள் எரித்தது கோடையின் தொடக்கத்தில், நிலத்தில் ஈரம் இருக்கும்போது, தாழ எரியும் சருகுத் தீ. இடமும் காலமும் அறிந்து வைத்தது. அதை உதாரணம் காட்டி ஆடிக் காற்றில் நெருப்புக்குச்சி கிழிப்பவரோடு நான் வாதாட மாட்டேன்.

“நாலு பக்கமும் கடல், தீக்கென்ன பயம்?” ஹவாயின் மௌயி தீவுக்கும் நாலு பக்கம் கடல்தான். 2023 ஓகஸ்ட் 8 அன்று கடற்கரை நகரமான லஹைனாவில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கைவிடப்பட்ட கரும்புத் தோட்டங்களில் ஆளுயரம் மண்டிய கினியாப் புல்லும் பலத்த காற்றும் போதுமாயிருந்தன. காலையில் அணைத்தாயிற்று என்று விட்டுப்போன தீ பிற்பகலில் மறுபடி கிளம்பியது. கடல்நீரை அள்ளி ஊற்றலாம்தானே என்பவர்களுக்கு: ஏற்கெனவே உவர்ப்பேறிய கிணறுகள் உள்ள ஊரில் உப்பை மண்ணில் கொட்டச் சொல்கிறீர்கள்.

“திணைக்களம் வந்து அணைக்கும்.” 1988இல் அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீ பரவியது. அந்தக் கோடையில் 25,000 பேர் தீயோடு போராடினார்கள், 12 கோடி டொலர் செலவானது. கடைசியில் தீயை அடக்கியது செப்டெம்பரில் பெய்த மழையும் பனியும். உலகெங்கும் இந்த வேலை தண்ணீரால் நடப்பது குறைவு. காற்றுக்கு முன்னால் போய்ப் புல்லைச் செருக்கி வெறுந்தரைக் கோடு போடுவார்கள், பச்சைக் கொப்பால் அடிப்பார்கள், சில வேளை எதிர்த்தீ வைப்பார்கள். எங்கள் மலைநாட்டில் விமானப்படை ஹெலிகொப்டர் வாளியில் தண்ணீர் கொட்டும் படம் பத்திரிகைக்கு அழகு; கீழே கொப்போடு நிற்பவர்களே தீயை நிறுத்துகிறார்கள். தீத்தடுப்புக் கோட்டைக் கோடைக்கு முன் போட வேண்டும். அதற்கு ஆளும் காசும் கேட்டுத் திணைக்களத்தை நெருக்குங்கள், அது நியாயம்.

“பனை எரிந்தாலும் சாகாது.” பாதி உண்மை. பனைக்கு உயிர் பட்டைக்குள் இல்லை, உச்சிக் குருத்தில் இருக்கிறது. அதனால் அடிமரம் கரிந்தாலும் பிழைக்கும். ஆனால் வெட்டாமல் விட்ட காவோலை மரத்தைச் சுற்றித் தொங்கினால் தீ அதைப் பிடித்துக் குருத்துவரை ஏறும். குருத்து ஒன்றே ஒன்று. அது வெந்தால் மரம் முடிந்தது.

காவோலை ஏன் தொங்குகிறது? வளவுக்காரர் ரொறன்ரோவில் இருக்கிறார். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் ஓலையை மண்ணில் தாழ்த்து உரமாக்கிய காலம் உண்டு. இன்று அது மரத்திலேயே காய்கிறது, அடியில் நாயுருவியும் ஈச்சையும் மண்டிக் கிடக்கின்றன. கோயில் கோபுரத்துக்குப் பணம் அனுப்புகிறீர்கள், நல்லது. வைகாசிக்குள் உங்கள் காணியில் காவோலை வெட்டவும் வேலியோரம் ஒரு பாகம் அகலம் செருக்கவும் கூலி அனுப்புங்கள். பக்கத்து வீட்டு மாடு உள்ளே மேயப் படலையைத் திறந்துவிடச் சொல்லுங்கள். மாடு மேய்ந்த காணியில் தீ ஓட இடமில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று. புகை கண்டால் 117ஐ அழையுங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் அது. கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். எந்த இடம், எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். அங்கே நின்ற ஆளைத் தெரிந்தால் ஆளையும் சொல்லுங்கள்.