படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் எண்ணிடும் முறை

நூலொன்றில் வரும் படங்களும் அட்டவணைகளும் தத்தமக்குரிய எண் பெற்று நிற்றலும், அவ்வெண்ணைக் கொண்டே ஆசிரியர் அவற்றைப் பிறவிடங்களிற் சுட்டுதலும் யாவரும் அறிந்த வழக்கு. 'இதனை 5ஆம் படத்திற் காண்க' என்று ஒருவர் எழுதுவார். கற்போரும் ஏடு புரட்டி அப்படத்தை அடைவர். இத்துணை எளியதொன்றைப் பற்றி ஒரு கட்டுரையும் வேண்டுமோ என ஐயுறுவார்க்கு, சென்ற ஆண்டு எமக்கு நேர்ந்த ஒன்றை முதற்கண் கூறுவாம்.

எம் வகுப்பினர் நால்வர் கூடி, முதலாண்டு மாணவர்க்கு உதவுமாறு யாப்பிலக்கணக் கையேடு ஒன்று எழுதினோம். அதன் 1ஆம் அட்டவணை அசைகளைக் காட்டுவது. 2ஆம் அட்டவணை வெண்பாவின் ஈற்றுச்சீர்க்குரிய நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளைக் காட்டுவது. 'வெண்பா 2ஆம் அட்டவணையிற் கண்ட வாய்பாடுகளுள் ஒன்றான் முடியும்' என்று பின்னொரு பக்கத்தில் எழுதியிருந்தோம். அச்சிடுதற்கு முந்திய இரவு, அதுகாறும் உரைநடையில் விளக்கியிருந்த ஈரசைச்சீர்களையும் அட்டவணையாக்குதல் நலம் என்று எம்முள் ஒருவர்க்குத் தோன்றிற்று. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்பன இடையே புகுந்து தாமே 2ஆம் அட்டவணையாயின; பழைய 2ஆம் அட்டவணை 3ஆவது ஆயிற்று. தலைப்புகளில் எண்ணை மாற்றினோம். பின்பக்கத்து வாக்கியத்தை மறந்தோம். அங்கும் நான்கு வாய்பாடு, இங்கும் நான்கு வாய்பாடு. ஆகலின் படித்தவர் எவர்க்கும் ஐயம் எழவில்லை. வெண்பா கூவிளத்தான் முடியும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் இழந்தான் ஒரு தம்பி. அவன் செய்த பிழைதான் யாது? எம் கையேடு காட்டிய வழியே சென்றான், அவ்வளவே.

இப்பிழையின் வேர் யாதெனின், எண் என்பது ஒரு பொருளின் பெயரன்று, அது வரிசையில் நிற்கும் இடமே என்பதை மறத்தல். முன்னே ஒன்று புகின் பின்னுள்ளன யாவும் எண் மாறும், பொருளோ மாறுவதில்லை. நம் உரையாசிரியர்களின் வழக்கத்தை ஈண்டு நினைத்தல் தகும். தொல்காப்பியத்தில் ஒருவர் ஒரு சூத்திரமாகக் கொண்டதனை மற்றொருவர் இரண்டாகப் பிரித்துக் கொள்ளுதலும் உண்டு. அதனாற் சூத்திரத் தொகை உரைக்கு உரை வேறுபடும். ஆயினும் பிறிதொரு சூத்திரத்தைச் சுட்டுங்கால் அவர்கள் அதன் முதற்சொற்களை எடுத்தோதிச் சுட்டுதலே பெருவழக்கு. எண் எத்துணை வேறுபடினும் அச்சுட்டு வழுவுவதில்லை.

பொருளைப் பெயராற் பற்றும் இந்நெறியையே கணிப்பொறியிற் காட்டுவது லேடெக் என்னும் மென்பொருள். ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கனூத் என்பார், தம் நூலின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப்படியின் அழகின்மை கண்டு மனம் வெறுத்து, 1977இல் டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளைத் தாமே இயற்றத் தொடங்கினார். அதனை அடித்தளமாகக் கொண்டு 1980களில் லெஸ்லி லாம்போர்ட் என்பார் எழுப்பியது லேடெக். அதன்கண் அட்டவணையின் தலைப்பைக் 'கேப்ஷன்' என்னும் கட்டளையுள் எழுதி, அதனையடுத்து 'லேபிள்' என்னும் கட்டளையால் அவ்வட்டவணைக்கு யாம் விரும்பியதொரு பெயரிடல் வேண்டும். ஈற்றுச்சீர் என்பது அப்பெயர் என்று கொள்வோம். நூலில் எங்கெங்கு அதனைச் சுட்ட வேண்டுமோ அங்கெல்லாம் எண்ணை எழுதாது, 'ரெஃப்' என்னும் கட்டளையுள் அப்பெயரையே எழுதுக. எண்ணிடுதல் பொறியின் கடன். இடையிலே பத்து அட்டவணைகள் புகுந்தாலும், பத்து நீங்கினாலும், தலைப்பிலுள்ள எண்ணும் சுட்டிலுள்ள எண்ணும் ஒருங்கே மாறும்.

ஈண்டு ஒரு வினா எழும். நூலின் முதற் பக்கத்திலேயே 40ஆம் பக்கத்து அட்டவணையைச் சுட்டினால், பொறி அதன் எண்ணை எவ்வாறு அறியும்? அது முதலிலிருந்து முறையே படித்துக்கொண்டு செல்வதாகலின், அவ்வட்டவணையை இன்னும் கண்டிலது அன்றோ? லேடெக் இதற்குச் செய்யும் உபாயம் நூலை இருமுறை ஓதுதல். முதன்முறை ஓதுங்கால் எதிர்ப்படும் பெயர்களையும் அவை பெற்ற எண்களையும் ஒரு துணைக்கோப்பிற் குறித்துவைத்து, எண் தெரியாத சுட்டிடங்களில் தடித்த இரு கேள்விக்குறிகளை இட்டுச் செல்லும். இரண்டாம் முறை அத்துணைக்கோப்பை முன்னர்ப் படித்துக்கொண்டு, கேள்விக்குறி நின்ற இடங்களில் எண்ணை நிரப்பும். இடைக்காலத்தில் எண் ஏதேனும் மாறியிருக்குமாயின், மீண்டும் ஒருமுறை ஓட்டுக என்று தானே எச்சரிக்கும். பொருளடக்கம் புதிதாகப் புகுந்து பக்கங்களைத் தள்ளிவிட்டவிடத்து மூன்றாம் முறையும் வேண்டப்படும்.

படத்தின் எண்ணேயன்றி அது நிற்கும் பக்கத்தின் எண்ணையும் சுட்டுங்கால் ஒரு வேடிக்கை நிகழக்கூடும். '99ஆம் பக்கம்' என்பது '100ஆம் பக்கம்' ஆகும்போது ஓரிலக்கம் மிகும். அதனால் வரி நீண்டு வேறாக மடிந்து, படம் பக்கம் மாறலாம். மாறியபின் எண்ணும் மாற, வரி குறுகிப் படம் பழைய பக்கத்துக்கே மீளலாம். எத்துணை முறை ஓட்டினும் ஊசல் நில்லாது. இத்தகைய நிலை அரிது. நேருமாயின் ஆசிரியர் ஒரு சொல்லைக் கூட்டியோ குறைத்தோ தாமே தீர்த்தல் வேண்டும்.

எமக்கு இம்மென்பொருளிற் பெரிதும் பிடித்தது அக்கேள்விக்குறியே. தான் அறியாததனை அறியேன் என்று அச்சிலேயே சொல்லிவிடுகின்றது. எம் கையேட்டில் அந்த 2 என்னும் இலக்கம் நின்ற இடத்தே இரண்டு கேள்விக்குறிகள் நின்றிருக்குமாயின், அத்தம்பி எம்மை வந்து வினவியிருப்பான்.

எனினும் லேடெக்கும் வாய்திறவாது பிழைபடும் இடம் ஒன்றுண்டு. எண்ணை ஒன்று கூட்டுவது கேப்ஷன் என்னும் கட்டளை. லேபிள் என்பது தனக்கு முன்னர் இறுதியாகக் கிடைத்த எண்ணைப் பற்றிக்கொள்வது. ஆகவே லேபிளைக் கேப்ஷனுக்கு முன்னே எழுதிவிட்டால், அது பெரும்பாலும் அப்பகுதியின் எண்ணையே பற்றும். 4ஆம் பகுதியிலுள்ள 7ஆம் படத்தைச் சுட்டினால் 'படம் 4' என்று அச்சாகும். கேள்விக்குறியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. பெயரைத் தேடிக் கண்டதாகலின் பொறிக்கு அதன்கண் குற்றம் தோன்றாது. புதியோர் இதனை முதலிற் கற்றுக்கொள்ளுதல் நன்று.

பலரும் வழங்கும் மைக்ரோசாப்ட் வேர்டு மென்பொருளிலும் இவ்வசதி உண்டு. தலைப்பைச் சேர்த்தற்குரிய கட்டளையைக் கொண்டு சேர்த்தால், எண் வெறும் இலக்கமாக நில்லாது, தன்னைத்தானே எண்ணிக்கொள்ளும் புலமாக நிற்கும். ஆனால் சுட்டுகளிலுள்ள எண்கள் உடனுக்குடன் திருந்துவதில்லை. நூல் முழுவதையும் தேர்ந்தெடுத்து எஃப்9 விசையை அழுத்தும்வரை பழைய எண்ணே நிற்கும். அழுத்தியபின், நீக்கப்பட்ட தலைப்பைச் சுட்டிய இடங்களில் மூலம் காணப்படவில்லை என்னும் பிழைச்செய்தி தோன்றும். அதனைக் கண்டு அஞ்சி விசையை அழுத்தாதிருப்பாரையும் யாம் கண்டுளேம்!

மென்பொருட்களுக்குரிய விளக்கநூல்களை எழுதுவோர் கையாளுவது ஸ்பிங்க்ஸ் என்பது. பைத்தான் மொழியின் விளக்கநூலுக்காக இயற்றப்பட்டு 2008இல் வெளிவந்தது. இதன்கண் படங்களுக்கு எண்ணிடுதல் இயல்பாக நிகழ்வதன்று. அமைப்புக்கோப்பில் 'நம்ஃபிக்' என்பதனை இயக்கினாலன்றி எண் வாராது. தலைப்பில்லாத படமும் எண் பெறாது. சுட்டுங்கால் 'நம்ரெஃப்' என்பதனை ஆளின், படம் என்னும் சொல்லையும் எண்ணையும் சேர்த்தே தரும். அச்சொல்லை யாம் தமிழில் அமைத்துக்கொள்ளலாம்.

தமிழ் மாணவர் நோக்கத்தக்க இடம் இதுவே. 'படம்' என்பதனோடு இல் உருபு நேரே சேராது. அத்துச்சாரியை பெற்றுப் 'படத்தில்' என்றாகும். பொறி அத்துச்சாரியை அறியுமோ? அறியாது. ஆகவே '3ஆம் படத்தில்' என எழுதவேண்டின் எண்ணை மட்டும் பொறியினிடம் பெற்று, ஏனையவற்றை யாமே எழுதல் வேண்டும். சொல்லை முன்னும் எண்ணைப் பின்னும் நிறுத்திப் 'படம் 3இல்' என்பேமாயின் உருபு இலக்கத்தின்மேல் ஏறுதலின் சாரியைக்கு வேலையில்லை. ஆயினும் ஸ்பிங்க்ஸில் உருபைக் கட்டளையோடு ஒட்டி எழுதின், கட்டளை எங்கே முடிந்தது என்றறியாது பொறி மயங்கும். இடையே ஒரு பின்சாய்கோடும் வெற்றிடமும் இட்டால் மயக்கம் தீரும். அச்சில் அவ்விரண்டும் தோன்றா. லேடெக்கில் கட்டளை அடைப்புக்குறியுள் முடிந்துவிடுதலின் இத்தொல்லை இல்லை.

இவற்றையெல்லாம் கற்றபின் எம் கையேட்டை லேடெக்கில் மீண்டும் அமைத்தோம். கையால் எழுதிய எண் ஒவ்வொன்றையும் நீக்கி, அவ்விடத்துப் பெயரை எழுதி, இருமுறை ஓட்டினோம். மூன்றிடங்களிற் கேள்விக்குறி எஞ்சி நின்றது. இரண்டு, பெயரை எழுதியதில் நேர்ந்த எழுத்துப்பிழைகள். மூன்றாவது, தளைகளின் அட்டவணையைச் சுட்டியது. அவ்வட்டவணையைக் காண்க என்று எழுதியிருந்தோமேயன்றி, நால்வருள் எவரும் அதனை வரைந்திலேம். முதற்பதிப்பில் யாம் கொடுத்திருந்த எண்ணை நம்பி எத்துணைப் பேர் அதனைத் தேடினரோ. அன்றிரவே அதனை வரைந்து சேர்த்து, மீண்டும் இருமுறை ஓட்டினோம்.