ஒரே வரியில் ஒரு கதை

நம் தீவுகளில் வளரும் பிள்ளைகள் பலருக்குச் சினிமாவுக்குக் கதை எழுதும் ஆசை இருக்கிறது. நோட்டு நிறைய எழுதியும் வைத்திருக்கிறார்கள். "கதை என்னப்பா?" என்று கேட்டால் அரை மணி நேரம் சொல்கிறார்கள். ஆனால் படத் தயாரிப்பாளருக்கு முதலில் வேண்டியது ஒரே ஒரு வரிதான். கோடம்பாக்கத்தில் அதற்கு 'ஒன்லைன்' என்று பெயர்.

அந்த வரியில் நான்கு செய்திகள் இருக்க வேண்டும். கதை யாருடையது? அவருக்கு என்ன வேண்டும்? எது தடுக்கிறது? தோற்றால் எதை இழப்பார்?

கே. பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்' (1981) படத்தைப் பாருங்கள். 'புது மனைவியின் மனத்தில் வேறொருவன் இருப்பதை அறிந்த டாக்டர், அவளை அவனிடமே சேர்த்துவைக்க முயல்கிறார். அவள் கழுத்தில் ஏறிவிட்ட தாலி குறுக்கே நிற்கிறது.' பாட்டும் நகைச்சுவையும் இதில் இல்லை. ஆனாலும் கதை பிடிபடுகிறது.

நம் செல்லுலார் சிறையைக் காட்டிய பிரியதர்ஷனின் 'சிறைச்சாலை' (1996) படத்தை நான் இப்படிச் சொல்வேன்: 'செய்யாத குற்றத்துக்காக அந்தமானுக்கு அனுப்பப்பட்ட டாக்டர், ஊரில் காத்திருக்கும் மனைவியிடம் திரும்பத் துடிக்கிறார்.' இங்கே சிறை தடைதான், கதை மனிதருடையது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். இலங்கையிலிருந்து வந்த நம் மக்கள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டதும், 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அத்தீவைச் சூறையாடியதும் நாம் அறிந்தவை. 'சுனாமியில் சிதைந்த ஒரு தீவின் கதை' என்று முதலில் எழுதினேன். நண்பர் படித்துவிட்டு, "இது செய்தி. கதை யாருடையது?" என்றார். இரண்டு நாள் யோசித்துத் திருத்தினேன்:

'இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை இழந்து, கச்சாலில் ரப்பர் பால் வெட்டிப் பிழைத்த மூதாட்டி, சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டுக்கு அழைக்கும் மகனோடு போக மறுக்கிறாள். மறுத்தால் மகனை இழப்பாள், போனால் இரண்டாம் முறையாக ஊரை இழப்பாள்.'

நம் வீட்டுப் பெரியவர்களிடம் இத்தகைய கதைகள் ஏராளம். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். ஒரு வரியில் எழுதுங்கள். எழுதியதை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். "அப்புறம்?" என்று அவர் கேட்டால், உங்கள் வரி தேறிவிட்டது.