கலங்கல் ஏன் வந்தது? சொல்லத் தெரிந்தவருக்கு வேலை உண்டு

சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு, மழைநீர் பிடிப்புப் பகுதி. அங்கே சாலையோர வடிகாலில் இறங்கும் நீர் 17 நீர்த்தேக்கங்களில் ஏதோ ஒன்றுக்குப் போய், சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் திரும்பி வருகிறது. அதனால்தான் கட்டுமானத் தளத்திலிருந்து வெளியேறும் நீரில் மண் துகள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது சட்டம். பொதுப் பயனீட்டுக் கழகம் இதைக் கண்காணிக்கிறது. இந்தியாவில், பொதுவான தரநிலைப்படி ஆறு, ஏரிகளில் விடும் கழிவுநீருக்கு வரம்பு 100 மில்லிகிராம்.

அளவிட சென்சார் இருக்கிறது. ஆனால் சென்சார் எண்ணைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணம் சொல்லவே வல்லுநர் மென்பொருள்.

இது புதிய சரக்கு அல்ல. 1970களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான மைசின், இரத்தத் தொற்றைக் கண்டறிய மருத்துவர்களின் அறிவை நூற்றுக்கணக்கான ‘இப்படி இருந்தால் அப்படி’ விதிகளாக அடுக்கியது. ஏன் அந்த முடிவுக்கு வந்தது என்று கேட்டால் விளக்கமும் சொன்னது. கட்டுமானத் தளத்திலும் அதே வேலைதான்: தெரிந்தவர்களின் அறிவை மென்பொருளுக்கு விதிகளாக எழுதித் தருவது.

நான்கு விதிகள், நான்கு காரணங்கள்

1. மழை பெய்கிறது, வடிகாலில் தளத்துக்கு மேற்புறம் நீர் தெளிவு, கீழ்ப்புறம் கலங்கல் என்றால், மண் நம்முடையது. திறந்து கிடக்கும் மண்மேட்டை மூடு. வண்டல் தொட்டியைப் பார். மேற்புறமும் அதே அளவு கலங்கியிருந்தால், முதலில் பக்கத்துத் தளத்தை விசாரி.
2. மழை இல்லை, பி.எச். 11-ஐத் தொட்டது என்றால், யாரோ கான்கிரீட் லாரியைக் கழுவி வடிகாலில் விட்டிருக்கலாம். சிமென்ட்டின் சுண்ணாம்பு மீனைக் கொல்லும்.
3. மழை இல்லை, பம்ப் ஓடுகிறது, கலங்கல் சட்டென ஏறியது என்றால், அஸ்திவாரப் பள்ளத்து நீரைத் தொட்டிக்கு அனுப்பாமல் நேரே இறைக்கிறார்கள். பம்பை நிறுத்து.
4. மழையும் இல்லை, பம்பும் இல்லை. அளவு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது என்றால், சென்சார் கண்ணாடியில் பாசி. துடை.

நான்காவது விதி கணினி படித்தவருக்குத் தோன்றாது. சேற்றில் இறங்கிச் சென்சாரைக் கழுவியவருக்குத் தோன்றும். இந்த வேலையில் உங்கள் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

யார் வரலாம்?

சிவில், சுற்றுச்சூழல், வேதியியல் படித்தவர்கள் வரலாம், டிப்ளமோ போதும். பைத்தான் அடிப்படை தெரிந்தால் நல்லது. விதி எழுதிப் பழக, 1985-இல் நாசா உருவாக்கிய கிளிப்ஸ் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. சிங்கப்பூரில் தளத்தின் மண் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்கத் தனித் தகுதி பெற்ற பொறியாளர் வேண்டும். அவருக்குக் கீழே தரவு பார்ப்பவராகத் தொடங்கலாம்.

முதல் மாதம் என்ன செய்வது?

பம்ப் ஓட்டுபவருடனும் சூப்பர்வைசருடனும் நடங்கள். “இந்தத் தண்ணியப் பாத்தா என்னண்ணே தோணுது?” என்று கேட்டு, பதிலை விதியாக எழுதுங்கள். தளங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் நிறைய. மொழி உங்களுக்குக் கைகொடுக்கும்.

அடுத்து, பாட்டில் மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சென்சார் அளப்பது ஒளிச் சிதறலை; சட்டம் கேட்பது மண்ணின் எடையை. சிதறலை எடையாக மாற்றும் கணக்கு களிமண்ணுக்கும் மணலுக்கும் வேறு. ஒரு தளத்தின் கணக்கை இன்னொரு தளத்தில் அப்படியே போட்டால் தப்பாகும். பி.எச். சென்சாரையும் 7, 10 அளவுக் கரைசல்களில் தவறாமல் சரிபாருங்கள்.

இதில் ஏமாறாதீர்கள்

நாளுக்கு ஐம்பது முறை அலாரம் அடித்தால், ஐம்பத்தொன்றாவதை யாரும் பார்க்க மாட்டார்கள். அதற்காக வரம்பை உயர்த்தி வாயை அடைக்காதீர்கள், விதியைத் திருத்துங்கள். திருத்திய தேதியையும் காரணத்தையும் குறித்து வையுங்கள். பிரச்சினை என்று வந்தால் அந்தக் குறிப்பேடுதான் உங்களுக்குச் சாட்சி.

நேர்காணலுக்குச் சான்றிதழோடு ஒரு தாளையும் எடுத்துப் போங்கள். நீங்கள் நேரில் பார்த்த ஏதாவது ஒரு தளத்துக்கு நீங்களே எழுதிய பத்து விதிகள் அதில் இருக்கட்டும். அடுத்த மழைக்கு முன் முதல் விதியை எழுதிவிடுங்கள். அது சரியா என்று மழையே சொல்லிவிடும்.