இமயமலையில் ஒரு கடுகுச் செடி



உங்கள் வீட்டில் தாளிக்கும் கடுகு, பசார் மாலாமில் வாங்கும் சாவிக் கீரை, முட்டைக்கோஸ், முள்ளங்கி ஆகிய நான்கும் ஒரே தாவரக் குடும்பம். அதைக் கடுகுக் குடும்பம் என்கிறோம். அடையாளம் எளிது. பூவில் சிலுவைபோல் நான்கு இதழ்கள் இருக்கும். மகரந்தத் தாள்கள் ஆறு. அவற்றில் நான்கு நீளம், இரண்டு குட்டை.

இந்தக் குடும்பத்துக்கு மலையேறும் உறவினர்களும் உண்டு. 1955இல் மேஜர் நரேந்திர தர் ஜெயால் தலைமையில் இந்திய மலையேறிகள் இமயமலையின் காமெட் சிகரத்துக்குச் சென்றார்கள். அங்கே ஏறத்தாழ 6,400 மீட்டர் உயரத்தில் எர்மானியா ஹிமாலயென்சிஸ் என்ற சிறு பூச்செடி கிடைத்தது. அதுவும் கடுகுக் குடும்பமே. நம் கினபாலு மலையின் உயரம் 4,095 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எவ்வளவு குளிர்?

ஒரு கணக்குப் போடுவோம். சுங்கை வேயில் பகல் வெப்பநிலை 32 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 மீட்டர் மேலே போனால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். 6,400 மீட்டருக்கு ஏறத்தாழ 42 டிகிரி குறையும். ஆக, நம் தலைக்கு மேலேயே அந்த உயரத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 10 டிகிரி. காற்றழுத்தமும் இங்குள்ளதில் பாதிக்கும் குறைவு.

எப்படிப் பிழைக்கிறது?

லடாக்கில் 6,150 மீட்டர் உயரத்தில் வளரும் ஆறு வகைச் செடிகளைப் பற்றி ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2016இல் எழுதினார்கள். அவற்றில் மூன்று கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அங்கே மண் உறையாமல் இருப்பது ஆண்டில் ஏறத்தாழ 40 நாள்களே. செடிகள் ஒரு நாணயத்தின் அளவுக்குமேல் வளர்வதில்லை.

சிறியதாக இருப்பது பலவீனம் அன்று, அதுவே பாதுகாப்பு. தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு. வெயில் பட்ட கல்லும் மண்ணும் மேலுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும். நெருங்கிய இலைகள் அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கும். உயிரணுக்களில் சேரும் சர்க்கரை, நீர் எளிதில் உறையாமல் தடுக்கிறது.

வீட்டில் செய்து பாருங்கள்

இரண்டு சிறு கிண்ணங்களில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் மூன்று கரண்டி சர்க்கரையைக் கரையுங்கள். இரண்டையும் ஐஸ் பெட்டியின் உறைபனித் தட்டில் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். எது முதலில் கெட்டியாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மலைச்செடியின் இரகசியம் உங்களுக்கே விளங்கும்.

இனி என்ன ஆகும்?

பூமி சூடாவதால் பனி பின்வாங்குகிறது. செடிகள் மேலே நகர்கின்றன. நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் கீழே இருந்து உயரமான செடிகளும் ஏறி வரும். அவற்றின் நிழலில் நாணயம் அளவுள்ள செடிக்கு வெயில் கிடைக்காது. அது இன்னும் மேலே போக வேண்டும். மேலே வெறும் பாறை. மண்ணோ சத்தோ போதாது. எந்த மலைக்கும் உச்சி என்று ஒன்று உண்டு. அதற்கு மேல் அந்தச் செடி எங்கே போகும்? வகுப்பில் பேசிப் பாருங்கள்.