கரையில் தொலைந்தவரும் கிடைத்தவரும்

உயிர்காப்புப் பணிக்குச் சேரும் மருமகனுக்கு,

கடற்கரையில் பிள்ளையைக் காணவில்லை என்று தாய் ஓடி வந்தால், உயிர்காப்பாளரின் கண் முதலில் போக வேண்டிய இடம் தண்ணீர். பிள்ளை அநேகமாக ஐஸ்கிறீம் வண்டிக்குப் பக்கத்திலோ கரைவலைத் தோணியின் நிழலிலோதான் நிற்கும். ஆனால் கரையில் நிற்கும் பிள்ளையை அரை மணி பிந்திக் கண்டுபிடித்தாலும் ஆபத்தில்லை. கடலுக்குள் போன பிள்ளைக்கு அந்த அவகாசம் கிடையாது. ஒட்சிசன் இல்லாமல் நாலைந்து நிமிடம் போனாலே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதும் இல்லை, கையைத் தூக்கிக் காட்டுவதும் இல்லை. பக்கத்தில் குளிப்பவருக்கே தெரியாமல் அடங்கிவிடுவார். ஆகையால் ஒருவர் தாயிடம் விபரம் கேட்கும்போது மற்றவர் கடலிலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது.

விபரம் கேட்பதிலும் ஒரு கவனம் வேண்டும். பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம், நேரம், நீந்தத் தெரியுமா என்பவை எல்லோரும் கேட்பவை. உடுப்பைப் பற்றிக் கேட்கும்போதுதான் பிழை நேர்கிறது. உதாரணமாக, நமது திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோவிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் கடலில் நடப்பது. அன்று கரை முழுக்கச் சனம். தாய் "சிவப்புச் சேட்டு" என்பாள். அந்தச் சேட்டோ கழற்றப்பட்டு அம்மம்மாவின் பைக்குள் கிடக்கும். பிள்ளை நனைந்த காற்சட்டையோடு திரியும். வரும்போது எதைப் போட்டிருந்தது என்பதைவிட, காணாமற் போன நேரத்தில் உடம்பில் என்ன இருந்தது என்று கேட்பதே பயன் தரும். காப்பு, அரைஞாண், மொட்டைத் தலை, தழும்பு ஆகியவை நனைந்தாலும் மாறாதவை. கேட்டு முடிந்ததும் தாயை ஓட விடாமல், அடையாளம் சொல்லக்கூடிய ஒருவரோடு காவல் கோபுரத்தடியிலேயே இருத்த வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை கிடைத்த பிறகு தாயைத் தேட வேண்டி வரும்.

தேடுபவர்கள் கரையோரமாக வடக்கும் தெற்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும். வெயில் கண்ணில் படாத பக்கமாக, காற்றுக்கு முதுகைக் கொடுத்துப் பிள்ளைகள் நடப்பார்கள் என்று அனுபவமுள்ள உயிர்காப்பாளர்கள் சொல்வதுண்டு. அது முதலில் எந்தப் பக்கம் விரைவது என்று முடிவெடுக்க உதவும். மற்றப் பக்கத்தை விட்டுவிட அது காரணமாகாது. கடைகள், மலசலகூடம், வாகனங்கள் நிற்கும் இடம், களப்புப் பக்கம் ஆகியவற்றுக்கும் ஆள் போக வேண்டும். தண்ணீருக்குள் இறங்கியதைக் கண்டவர் ஒருவர் இருந்தாலும் போதும், மீனவர் படகுகளை உடனே கூப்பிட வேண்டும். பொலிசின் 119, அம்புலன்சின் 1990 இரண்டுக்கும் அழைக்க வேண்டும்.

ஆர்ஜென்டினாவின் கடற்கரைகளில் அருமையான வழக்கம் ஒன்று உண்டு. தொலைந்த பிள்ளையை ஒருவர் தோளில் தூக்கிக்கொள்வார். சுற்றியிருப்பவர்கள் கை தட்டுவார்கள். சத்தம் வரும் திசைக்குப் பெற்றோர் ஓடி வருவார்கள். ஒலிபெருக்கி இல்லாத நாளில் இங்கும் செய்யத்தக்கது.

கிடைத்த பிள்ளையை யாரிடம் கொடுப்பது என்பது தேடுவதைவிடப் பாரமான பொறுப்பு. இந்தக் கரையே அதைக் கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தப்பிய கைக்குழந்தை ஒன்று கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டது. பெயர் தெரியாததால், அன்று அனுமதிக்கப்பட்டவர்களின் வரிசை எண்ணான 81 என்பதே அதன் பெயராயிற்று. ஒன்பது தம்பதியர் உரிமை கோருவதாக உலகச் செய்திகள் பரவின. முறைப்படி கோரியது ஒரே தம்பதி. அவர்கள் அழுத அழுகை பொய்யில்லை. அப்படியிருந்தும் நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பெப்ரவரியில் முடிவு வந்த பிறகே பிள்ளை பெற்றோர் கைக்குப் போனது. அந்தத் தாமதம் கொடுமையானது, ஆனால் பிள்ளையின் பக்கம் நின்ற தாமதம்.

கடற்கரையில் மரபணு வேண்டியதில்லை, நிதானம் வேண்டும். பிள்ளையின் பெயரையும் அடையாளங்களையும் ஒலிபெருக்கியில் முழுமையாகச் சொல்லிவிட்டால், யார் வேண்டுமானாலும் அதையே ஒப்புவிக்கலாம். ஒரு சிறுவன் கிடைத்திருக்கிறான் என்பதோடு நிறுத்தி, மீதியை வருபவர் சொல்ல விட வேண்டும். பிள்ளையிடம் குந்தியிருந்து, கண்ணுக்கு நேராகப் பேச வேண்டும். எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இரண்டு பேர் பிள்ளையோடு இருக்க வேண்டும். தனியே வாகனத்தில் ஏற்றுவது எந்த நியாயத்துக்கும் ஆகாது. வந்தவரைக் கண்டு பிள்ளை பின்வாங்கினால், அவர் எவ்வளவு சத்தம் போட்டாலும் பொலிஸ் வரும்வரை கொடுக்கக் கூடாது. ஒருவரும் வராவிட்டால் பொலிசுக்கும், 1929 சிறுவர் உதவி எண்ணுக்கும் அறிவிக்க வேண்டும்.

தீர்த்த நாளில் முதியவர்களும் தொலைவார்கள். மறதியுள்ள ஒருவர் தொலைந்ததையே உணராமல் நடந்துகொண்டிருப்பார். அவரை அதட்டாமல், நிழலில் இருத்தித் தண்ணீர் கொடுத்து, பிள்ளைகளின் பெயரையும் ஊரின் பெயரையும் மெல்லக் கேட்டால் நூல் கிடைக்கும்.

ஒப்படைத்ததும் பெற்றுக்கொண்டவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், நேரம் மூன்றையும் கொப்பியில் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். பிறகு தேடப் போன ஒவ்வொருவருக்கும், கடலில் நிற்கும் படகுகளுக்கும், ஆள் கிடைத்துவிட்டது என்ற செய்தி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மாமா
தம்பிலுவில்